மன உறுதி மட்டும் போதாது

ஆசிரியருக்கு, பாரிஸ் 2024 பாராலிம்பிக்கின் 1,000 மீட்டர் சைக்கிள் நேரப் போட்டியில் தங்கம் வென்ற ஆஸ்திரேலிய வீரர் கோரி பாடிங்டன், மோட்டோகிராஸ் (கரடுமுரடான மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயம்) விபத்தில் மூளையில் காயமுற்று மீண்டவர் என்பதைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். அவரது மன உறுதியைக் கட்டுரை வாயாரப் புகழ்கிறது. ஆனால் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு 250 மீட்டர் தடத்தை நான்கு முறை சுற்றும் அந்த ஒரு நிமிடத்துக்கு, தடமும் பயிற்சியாளரும் முதலில் வேண்டும்.

சாலை விபத்தில் வலக்கால் வலுவிழந்த என் அண்ணன் மகன், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள வீட்டின் பின்கட்டில், நழுவும் பாதத்தைப் பழைய டியூபால் பெடலோடு கட்டிக்கொண்டு, நகராத சைக்கிளை மிதிக்கிறான். உள்ளரங்கத் தடமோ தொலைவில், கேப் டவுனின் பெல்வில்லில் இருக்கிறது. புதிய தடம் கேட்கவில்லை. டர்பன் சமூகக் கூடம் ஒன்றில் சனிக்கிழமை காலைகளில் சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் சில பயிற்சி ரோலர்களுக்கும் ஒரு பயிற்சியாளருக்கும் நகராட்சி ஏற்பாடு செய்யலாம்.

– ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்