கிட் இருக்கட்டும், கொட்டகை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மும்பையில் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானத்தைக் கட்டிய விமானி அமோல் யாதவைப் பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தெருப் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். "தாத்தா, விமானக் கிட் என்ன விலை?" என்று கேட்டார்கள். வீட்டிலேயே விமானம் கட்டுவதற்காகப் பெட்டியில் போட்டு விற்கும் பாகங்களைத்தான் கிட் என்கிறார்கள். கிட்டைப் பிரித்து வைக்க இடம் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதை அவர்கள் யோசித்திருக்கவே இல்லை.

பஸ் பாடி கட்டும் பட்டறையில் 31 ஆண்டுகள் ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணி, அடித்தவன் நான். விமானப் பொறியியல் படித்த என் மகள், இரண்டு பேர் அமரும் விமானத்தின் வால்பகுதிக் கிட்டை வாங்கினாள். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த கொட்டகையை அதற்காகக் காலி செய்தோம். கொட்டகையைச் சரிசெய்யவே நான்கு மாதம் ஆனது. அதுவரை பெட்டியைத் திறக்க நான் விடவில்லை.

முதலில் தகரக் கூரையை எடுத்தேன். மதுரை வெயிலில் தகரத்துக்குக் கீழே காலைக்கும் நடுப்பகலுக்கும் 15 டிகிரி மாறினால், 3 மீட்டர் அலுமினியத் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும். எஃகு அளவுகோல் ஏறக்குறைய அதில் பாதிதான் நீளும். காலையில் எடுத்த அளவை நம்பி மதியம் துளை போட்டால் என்ன ஆகும்? இப்போது மேலே ஓடு வேய்ந்திருக்கிறோம், துளையிடும் வேலையைப் பத்து மணிக்குள் முடித்துவிடுகிறோம்.

அடுத்தது மேசை. கொத்தனாரின் ரசமட்டத்தை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்து, கால்களுக்கு அடியில் தகட்டுத் துண்டு கொடுத்து மட்டம் செய்தேன். மேசை முறுக்கினால் பின்னால் அதன்மேல் கட்டும் இறக்கையும் முறுக்கும். முறுக்கிய இறக்கையோடு பறந்தால் விமானம் ஒரு பக்கமாகவே சாயப் பார்க்கும். சாணைக்கல்லை வீட்டின் முன்புறத்துக்கு மாற்றினேன், ஏனென்றால் இரும்புத் தூள் அலுமினியத்தில் பதிந்தால் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கிவிடும். ரிவெட் கன்னுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் டாங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுகிறேன்.

ரிவெட் அடிக்க இருவர் வேண்டும். நான் ஒரு பக்கம் கன்னால் அடிக்கிறேன், மகள் மறுபக்கம் ரிவெட்டின் முனை நசுங்குவதற்காக டாலி என்ற இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கிறாள். நசுங்கிய தலை ரிவெட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் துளையிட்டு எடுத்துவிட்டு மறுபடி அடிக்கிறோம். பஸ்ஸில் நான் கண்டுகொள்ளாமல் விட்ட ரிவெட்டுகளை இங்கே அவள் விடுவதில்லை, அவள் செய்வதுதான் சரி. பறப்பதற்கு முன் மத்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும் என்பதால், ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்துத் தேதியோடு நோட்டில் ஒட்டி வருகிறாள்.

சத்தம் அதிகம்தான். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் சொன்ன நேரத்தில் மட்டும் அடிக்கிறோம்.

எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு கொட்டகை இருக்காது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் உள்ள தகட்டு வேலைக் கூடங்களை, ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்பிள்ளைகளுக்குத் திறந்துவிடும்படி அரசைக் கேட்டுக்கொள்கிறேன். ரிவெட் அடிக்கக் கற்றுத்தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் பாடித் தொழிலாளி,
வில்லாபுரம், மதுரை.