அக்டோபரில் விலகிய பயிற்சியாளர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டோனி பென்னெட் 2024 அக்டோபரில் பதவி விலகியதைப் பற்றிச் சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் எழுதிய உங்கள் கட்டுரையாளர், ஒருவர் போனால் இன்னொருவர் வருவார், எப்படியும் ஐந்து பேர் களமிறங்கத்தானே போகிறார்கள் என்று முடித்திருந்தார். அந்த வரி இன்னும் உறுத்துகிறது. விளையாட்டுப் பக்கத்தை இத்தனை காலம் பார்த்துவரும் தங்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் அச்சேற விட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

அமெரிக்கக் கல்லூரிப் பருவம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. முதல் ஆட்டத்துக்கு முந்தைய 42 நாட்களில் 30 நாள்தான் முழுப் பயிற்சிக்கு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அனுமதி. அதிலும் நாளுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணி, ஒருநாள் கட்டாய ஓய்வு. வர்ஜீனியாவின் முதல் ஆட்டம் நவம்பர் 6. பென்னெட்டின் அறிவிப்பு வந்தபோது மூன்று வாரம்கூட மீதியில்லை. 42 நாளில் பாதி ஓடிவிட்டிருந்தது. இந்தக் கணக்கு கட்டுரையில் எங்குமே இல்லை. 2019இல் கோப்பை வென்றவர் என்ற ஒரு வரியோடு அவரை அனுப்பிவைத்துவிட்டார்கள்.

அவருடைய அணி ஆடியது 'பேக் லைன்' டிஃபென்ஸ் என்ற தடுப்பாட்டம். அவர் தந்தை டிக் பென்னெட் உருவாக்கிய முறை. பந்து வைத்திருப்பவரை ஒருவர் மட்டும் நெருக்குவார். மற்ற நால்வரும் கூடையிலிருந்து சுமார் 16 அடியில் உள்ள ஒரு கற்பனை வளைவுக்குள் நிற்பார்கள். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு 22 அடி 1¾ அங்குலத்தில் இருக்கிறது. ஆக, ஒரு பாஸ் காற்றில் பறக்கும் நேரத்துக்குள் ஆறடியைக் கடந்து, கோட்டருகே கூடைக்கு எறியக் காத்திருக்கும் ஷூட்டரை அடைய வேண்டும். முதல் பாதி தூரம் முழு ஓட்டம், பிறகு குறுகிய அடிகள், கை உயரத்தில், உடல் எடை பின்னால். குறுகிய அடிகளை மறந்து ஓடிவந்தால் ஷூட்டர் பந்தை ஒருமுறை தரையில் தட்டியே தாண்டிப் போய்விடுவார். தயங்கினால் கண்ணெதிரே மூன்று புள்ளி. இது கரும்பலகையில் வரைந்து காட்டினால் வந்துவிடாது. நூற்றுக்கணக்கான முறை செய்ய வைத்து, ஒவ்வொரு முறையும் பாதத்தைப் பார்த்துத் திருத்துகிற ஒரு கண் வேண்டும். ஆட்ட மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிய எவருக்கும் இது புரியும்: ஒரே ஒருவர் வளைவுக்கு வெளியே தவறி நின்றாலும் நடுவழி திறந்துவிடும்.

துணைப் பயிற்சியாளர் ரான் சான்செஸ் முறை தெரிந்தவர்தானே என்று கேட்கலாம். தெரிந்தவர்தான். ஆனால் துணைப் பயிற்சியாளர்கள் வேலையைப் பகுத்து வைத்திருப்பார்கள். எதிரணியின் வீடியோவைப் பிரித்துப் பார்ப்பவர் ஒருவர், உயரமான ஆட்டக்காரர்களைப் பழக்குபவர் ஒருவர், பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடிப்பவர் இன்னொருவர். ஒருவர் திடீரென்று தலைமைக்கு ஏறினால் அவர் பார்த்த வேலை அனாதையாகிறது. அக்டோபரில் அதற்கு ஆள் தேடவும் முடியாது. போதாததற்கு அவர் பெயருக்கு முன்னால் 'இடைக்கால' என்று ஒட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு நான் இருப்பேன் என்று சொல்ல முடியாதவர், ஒரு பதினேழு வயது மாணவனிடம் எதை வாக்களித்து அழைப்பார்? அந்தப் பருவத்தின் 15 வெற்றி, 17 தோல்வியைச் சான்செஸின் தலையில் ஏற்றிய உங்கள் கட்டுரை எனக்கு அநியாயமாகவே படுகிறது.

1997ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவின் டீன் ஸ்மித், 879 வெற்றிகளோடு விலகியதும் அக்டோபரில்தான். அவருக்குத் துணையாக 30 ஆண்டுகள் இருந்த பில் கத்ரிஜை முழுத் தலைமைப் பயிற்சியாளராகவே அமர்த்தினார்கள். 'இடைக்கால' ஒட்டு இல்லை. 1998இல் அணி இறுதி நான்கில், அதாவது தேசியப் போட்டியின் அரையிறுதியில் ஆடியது. அப்போது கல்லூரி மாறினால் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்பதால் ஆட்டக்காரர்கள் கலையவுமில்லை. இப்போது அந்தத் தடை இல்லை. 2018இல், கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2021இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றானது, 2024இல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. தலைமைப் பயிற்சியாளர் போனால் ஆட்டக்காரர்கள் போர்ட்டலில் பெயர் கொடுக்கத் தனி அவகாசமும் உண்டு. இந்தச் சூழலுக்குத் தான் ஏற்றவன் இல்லை என்ற பொருளில் பென்னெட்டே சொல்லிவிட்டுத்தான் போனார். அதையும் நீங்கள் போடவில்லை.

மனம் திறந்ததால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் ஷாட் கிளாக்கை, அதாவது பந்து கையில் வந்தபின் கூடைக்கு எறிந்துவிட வேண்டிய நேரத்தை, 24 விநாடி என்று இரண்டு முறை எழுதினீர்கள், அது 30. 24 விநாடி என்பது சர்வதேச, தொழில்முறைக் கணக்கு. ஆண்கள் ஆட்டம் 20 நிமிடங்களாக இரண்டு பாதிதான். நான்கு கால்பகுதி பெண்கள் ஆட்டத்துக்கு. கல்லூரிக் கூடைப்பந்தில் அதிக வெற்றி பெற்றவர் 1,202 வெற்றிகளோடு மைக் ஷஷெவ்ஸ்கி என்றீர்கள். அவரை 2024 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டெர்வீர் கடந்துவிட்டார், அதே ஆண்டு நவம்பரில் வான்டெர்வீரையும் கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியெம்மா கடந்தார். இருவரும் பெண்கள் அணியின் பயிற்சியாளர்கள் என்பதால் கணக்கில் வராமல் போனார்களா? டென்னஸியின் பெண்கள் அணியில் 38 பருவம், 8 கோப்பை, 1,098 வெற்றி என்று நின்ற பாட் சம்மிட், மறதி நோயால் 2012இல் ஒதுங்கினார். விலகிய பயிற்சியாளர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியும் அவருக்கு அதில் ஒரு வரி கிடைக்கவில்லை. திருத்தம் கேட்டு எழுதியதற்குப் பதிலும் இல்லை.

கேட்பது இவ்வளவுதான். இனி ஒரு பயிற்சியாளர் விலகும் செய்தி வந்தால் மூன்று விவரங்களைச் சேர்த்துப் போடுங்கள்: முதல் ஆட்டத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது, பொறுப்பேற்பவர் நிரந்தரமா இடைக்காலமா, எத்தனை ஆட்டக்காரர்கள் தங்குகிறார்கள். வெற்றி தோல்விப் பெட்டியைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும். ஷாட் கிளாக் திருத்தத்தையும் அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்