சிறுவாணித் தண்ணீரும் கண்ணாடித் தொட்டியும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகனுக்குப் பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது. இப்போது வீட்டில் நானும் என் மனைவியும் மீன்களும்தான்.

மீன் தொட்டி கேட்டுப் பேத்தி உயிரை எடுக்கிறாள், என்ன மீன் வாங்கலாம் என்று எழுதியிருந்தாய். கொளத்தூர் மீன் கடைகளுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறவனிடம் இதைக் கேட்டால் சும்மா விடுவானா? முதலில் நீ ஒன்று சொல். தொட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறாய்? கோவைக் குழாயில் வருகிற சிறுவாணியா, போர்வெல் தண்ணீரா?

எங்கள் தெருவில் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அந்தத் தண்ணீரில் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் கும்மாளம் போடுகின்றன. சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர்தான் அவற்றுக்குப் பிடிக்கும். நியான் டெட்ராவும் ஏஞ்சலும் அமேசான் பக்கத்து மீன்கள், மென்மையான தண்ணீரில் வளர்ந்த வம்சம். நீங்கள் 'நல்ல தண்ணி' என்று சொல்கிற சிறுவாணி அவற்றுக்குத் தோதானது. ஆகவே நான் சென்னையில் கப்பி வளர்ப்பதைப் பார்த்து நீயும் கப்பிதான் வளர்க்க வேண்டும் என்றில்லை. வீட்டுக்கு வருகிற தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுத்தால் பாதி வேலை முடிந்தது. மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் போனால் அந்த வேலைக்கு முடிவே கிடையாது.

அந்தச் சின்ன உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை மட்டும் வாங்காதே. கோல்டு ஃபிஷ்ஷை அதில் போட்டு விற்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அது கிண்ணத்து மீனே அல்ல. ஒழுங்காக வைத்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும், ஒரு சாணுக்குக் குறையாமல் வளரும், அழுக்கும் நிறையச் செய்யும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கு. ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் எடை 70 கிலோவைத் தொடும், அதனால் டிவி ஸ்டாண்டில் வைக்கலாம் என்று நினைக்காதே. வெயில் நேராக விழுகிற ஜன்னலோரமும் வேண்டாம், பாசி பிடித்துவிடும். ஏஞ்சல்தான் வேண்டுமென்றால் உயரம் ஒன்றரை அடி இருக்கட்டும். அந்த மீன் நெட்டுக்கு வளரும். வளர்ந்தபின் கூட இருக்கிற நியானை விழுங்கியும்விடும். எனவே இரண்டையும் ஒன்றாகப் போடாதே.

அப்புறம், கடையில் தொட்டி வாங்கிய அன்றே மீனையும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. மீன் போடும் கழிவு அம்மோனியாவாகிச் செவுளை எரிக்கும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீனில்லாமல் ஃபில்டரை ஓட்டி, தினமும் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுகவிட வேண்டும். பக்கத்து வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். புது மீன் வாங்கிய வாரமே செத்து மிதப்பது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். 'மீன் ராசியில்லை' என்று சொல்லிக்கொள்வார்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வை, இல்லாவிட்டால் ஆன்டி குளோரின் சொட்டு விடு. வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். ஸ்பாஞ்சை அப்படி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசு. குழாயடியில் பிடித்தால் அத்தனை நாள் சேர்ந்த பாக்டீரியாவும் போய்விடும். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான். பேத்திக்கு இதைச் சொல்லி வை. குழந்தைகள் கை தாராளமானது.

வாங்கும்போது கடைத் தொட்டி முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார். துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்பது, கல்லில் உடம்பை உரசுவது, மேலே வந்து வாயைப் பிளப்பது எதுவும் வேண்டாம். துடுப்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு மீனும் எடுக்காதே. ஒன்றுக்கு இருந்தால் மற்றவற்றுக்கும் இருக்கும்.

ஃபைட்டர் மீனில் ஆண் ஒன்றை மட்டும் வைத்தால் அழகு, இரண்டை வைத்தால் ரத்தக்களரி. மேலே வந்து காற்றை நேரடியாகக் குடிக்கிற மீன் அது. அதனால்தான் குடுவையில் அடைத்து விற்கிறார்கள். குடுவையில் செத்துப்போகாது என்பதற்காக அதில் சௌக்கியமாக இருக்கிறது என்று ஆகாது.

பாசி தின்னும் என்று சக்கர் மீனைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வேண்டாம். ஒரு அடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் ஆட்கள் ஏரியில் கொண்டுபோய் விட்டு, இப்போது சென்னைப் பக்கத்து நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. வலையில் சிக்கினால் முள்ளால் கிழித்துவிடுகிறது என்று மீன்காரர்கள் திட்டுகிறார்கள்.

உங்கள் பக்கத்துக் கடைகளில் மிஸ் கேரளா என்கிற மீன் கண்ணில் படலாம். மூக்கிலிருந்து சிவப்புக் கோடும் அதன் கீழே நெடுகக் கறுப்புக் கோடுமாக அட்டகாசமாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன். பிடித்துப் பிடித்தே அருகிப்போனது. பண்ணையில் குஞ்சு பொரித்ததா என்று கேள். அதற்குக் கூட்டமும், ஓடுகிற தண்ணீரும், 4 அடித் தொட்டியும் வேண்டும். இப்போதைக்குப் பார்த்து ரசித்தால் போதும்.

மார்கழிக் குளிருக்கு ஒரு ஹீட்டர் வாங்கிக்கொள், 26 டிகிரியில் வை. தீபாவளிக்கு மறுநாள் சேரன் எக்ஸ்பிரஸில் இருவரும் வருகிறோம், டிக்கெட் போட்டாகிவிட்டது. என் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை ஈரம் காயாமல் டப்பாவில் எடுத்து வருகிறேன். அதை உன் தொட்டியில் போட்டால் அந்த ஆறு வாரம் கணிசமாகக் குறையும். அதற்குள் தொட்டியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, கசிகிறதா என்று பார்த்து வை. மீன் வாங்க நாம் மூவரும் சேர்ந்து போகலாம் என்று பேத்தியிடம் சொல். தங்கச்சிக்கு எங்கள் விசாரிப்புகள்.

அன்புடன்,
ராஜேந்திரன்