டிரம்மின் உள்சுவர்

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் போனில் பாதியில் விட்ட பேச்சை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்கென்று கொஞ்சம் மண் கிடைத்தது இந்த வீட்டில்தான். பின்பக்கம் சின்னத் தோட்டம், கூரையிலிருந்து வழியும் மழையைப் பிடிக்க 200 லிட்டர் டிரம் ஒன்று. நாள் முழுக்க யாரோடும் மனம்விட்டு நாலு வார்த்தை பேசாமல் வீடு திரும்பினாலும், சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் எனக்குச் சரியாகிவிடும். அந்தத் தோட்டத்திலேயே ஐந்து நிமிடம் நிற்க முடியாதபடி கொசு பிடுங்க ஆரம்பித்தது.

டிரம்முக்குள் எட்டிப் பார்த்தால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவ்வளவு புழு. மண்ணெண்ணெய் ஊற்று என்றாய். ஊற்றினால் சாகும், உண்மைதான். வால் நுனியில் இருக்கும் குழாயை நீர்மட்டத்தில் நீட்டித்தான் அது மூச்சு விடுகிறது, எண்ணெய் படர்ந்தால் அடைத்துவிடும். ஆனால் அந்தத் தண்ணீர்தானே என் செடிக்குப் போகிறது, தேனீயும் குருவியும் வந்து குடிக்கின்றன, பாப்பா கையை விட்டு அளைகிறாள். எனக்கு மனசு வரவில்லை அக்கா.

டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரை மண்ணில் கொட்டினேன், இரண்டு வாரம் காய்ந்தே கிடந்தது. அப்புறம் மழை வந்தது. மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தால் பொடிப்பொடியாகப் புழு! ஒரே நாளில் எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, டெங்கு பரப்பும் ஏடிஸ் வகைக் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவிடுகிறது. அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிந்துவிடும். நான் தண்ணீரை மட்டும் கொட்டினேன், முட்டை சுவரிலேயே இருந்திருக்கிறது. அதனால் முரட்டு பிரஷ் வாங்கி உள்சுவர் முழுக்க, முக்கியமாக அந்த நீர்க்கோடு படிந்த இடத்தை, அழுத்தித் தேய்த்தேன். தேய்த்த தண்ணீரை வேறு தொட்டியில் ஊற்றாமல் வெயில் படும் காய்ந்த மண்ணில் கொட்டினேன்.

பிறகு வலை. கண்ணி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வாயை மட்டும் மூடினால் போதாது, குழாய் நுழையும் இடுக்கு, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் ஓட்டை எல்லாவற்றையும் மூட வேண்டும். நான் அந்த ஓட்டையை மறந்துவிட்டதால் ஒரு மாதம் வீணாயிற்று. வலை தொய்ந்து தண்ணீரைத் தொடவும் விடாதே, இழுத்துக் கட்டு.

கவிழ்க்க முடியாத பெரிய தொட்டிக்கு மட்டும் பி.டி.ஐ வில்லை போடுகிறேன். இது 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த ஒரு மண் பாக்டீரியா. கொசுப்புழு அதைத் தின்றால் குடல் சிதைந்து சாகிறது, மீனையும் தேனீயையும் மனிதரையும் ஒன்றும் செய்யாது. வில்லை ஒரு மாதம் போல வேலை செய்யும். கூட்டுப்புழு ஆகிவிட்டது எதையும் தின்னாது என்பதால் அதற்கு இது பலிக்காது, எனவே போட்ட முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொசு வந்தால் பயப்படாதே. மீன் விடலாம் என்று இங்கே ஒருவர் சொன்னார். கொசுமீன் தப்பி ஓடைக்குப் போனால் தவளைக் குஞ்சையும் தின்றுவிடும், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன்.

வெயில் காலத்தில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள்தான். அதனால் ஞாயிறுதோறும் பாப்பாவும் நானும் பூந்தொட்டித் தட்டு, பழைய வாளி, கூரையோரம் இலை அடைத்த தகர வாய்க்கால் என்று ஒரு சுற்று வருகிறோம். இப்போது இருட்டும் வரை தோட்டத்தில் உட்கார முடிகிறது, இந்தக் கடிதத்தையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உன் தொட்டியின் உள்சுவரை ஒருமுறை டார்ச் அடித்துப் பார், கரும்புள்ளியாக ஏதும் ஒட்டியிருந்தால் தேய்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தம்பி