நமது சிலம்பப் பயிற்சிக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், ஆசானுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் கழகத்தில் நடந்தவற்றை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவான சங்கம் நம்முடையது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் எனக்கு அடுத்து வாசிப்பார். நான் திடலைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த ஆண்டின் பெரிய முடிவு ஒன்றுதான். கம்பு சுற்றும் நேரத்தைக் குறைத்து, காலடிக்கும், எதிராளியைக் கம்பால் தொட்டு மோதும் தொடுமுறைக்கும் நேரத்தைக் கூட்டினோம். கோடை விடுமுறை முடிந்ததும் ஆசானும் நிர்வாகக் குழுவும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இது. சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை என்று தெரியும். அதனால் காரணத்தை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம்மிடம் சேரும் பிள்ளைகள் சில மாதங்களிலேயே இரட்டைக்கம்பை அழகாகச் சுற்றக் கற்றுக்கொள்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாவில் கைதட்டு வாங்குகிறார்கள். அலங்கார வீச்சு நல்ல பயிற்சி, அதில் சந்தேகமே இல்லை. மணிக்கட்டும் தோளும் இளகும், கம்பின் எடை கைக்குப் பழகும், மூச்சு தாங்கும். ஆனால் அதே பிள்ளையின் எதிரே இன்னொருவரைக் கம்போடு நிறுத்திப் பாருங்கள். கால் நகராது. எவ்வளவு தூரத்தில் நிற்பது, எந்தக் காலை முதலில் எடுப்பது, அடி வரும்போது பின்னால் போவதா பக்கவாட்டில் விலகுவதா என்று எதுவும் தெரியாது. ஆளே இல்லாத இடத்தில் சுற்றிப் பழகியவருக்கு ஆள் வந்து நின்றால் கை கட்டிப்போகிறது. சிலம்பம் இரண்டு பேர் நிற்கிற கலை. அந்த இரண்டாவது ஆளைத் திரும்பக் களத்துக்குள் கொண்டுவருவதுதான் இந்த ஆண்டு முழுக்க நாங்கள் செய்த வேலை.

இப்போது வகுப்பு நடக்கும் முறை இது. தொடக்க வணக்கமான சலாம் வரிசை முடிந்ததும் கம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். தரையில் ஆசான் சுண்ணாம்பால் சதுரமும் குறுக்குக் கோடுகளும் போடுவார். அதன் மேல் காலடி மட்டும். நேர் காலடி, பக்கக் காலடி, திரும்புதல். கையில் ஒன்றும் இல்லாமல் இதைச் செய்வது பிள்ளைகளுக்கு முதலில் சலிப்பாக இருந்தது. அப்புறம் ஒற்றைக்கம்பு எடுத்து வீச்சு. கடைசியில் ஜோடிப் பயிற்சி: ஒருவர் தலை, தோள், விலா, கால் என்று சொல்லி வைத்த வரிசையில் அடிக்க, மற்றவர் தடுக்க வேண்டும். வேகம் வேண்டாம், சத்தம் வேண்டாம், கம்பு வருவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும். "கம்பைப் பார்க்காதே, தோளைப் பார். தோள் சொல்லிவிட்டுத்தான் கம்பு வரும்" என்று ஆசான் தினமும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, சின்னப் பிள்ளைகள்கூட இப்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தலைக்கவசம் போட்டுச் சொல்லி வைக்காத வரிசையிலும் ஆட அனுமதி உண்டு.

"மூணு மாசமா எம்புள்ளைய கம்பே சுத்த விடலையே" என்று கேட்டு இரண்டு மூன்று குடும்பங்கள் விலகிப் போயின. வருத்தம்தான். ஆனால் முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிக்குப் போன நம் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு மாற்றம் தெரிந்திருக்கும். பதக்கம் வரவில்லை. ஆனால் தொடுமுறைக் களத்தில் ஒருவர்கூடப் பின்வாங்கி வட்டத்துக்கு வெளியே ஓடவில்லை. தோற்ற பிள்ளைகள் எங்கே தொடப்பட்டோம், ஏன் தொடப்பட்டோம் என்று தாங்களே சொன்னார்கள். போன ஆண்டு அவர்களால் அப்படிச் சொல்ல முடிந்திருக்காது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் சாதனை நிகழ்ச்சிகள். மணிக்கணக்கில் நிற்காமல் சுற்றுவது, பானை மேல் நின்று சுற்றுவது, ஆணிப் பலகை மேல் நின்று சுற்றுவது என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழும் கேடயமும் தரும் நிகழ்ச்சிகளுக்கு இந்த ஆண்டும் நமக்கு அழைப்புகள் வந்தன. எதற்கும் பிள்ளைகளை அனுப்பவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு அதற்காகப் படைக்கப்பட்டதில்லை. வெயிலில் நிற்கும் பிள்ளைக்குத் தாகம் எடுத்தாலும் நிறுத்தக் கூடாது என்பது பயிற்சியே இல்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்ட பிறகு, சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். அவர்கள் ஆசை நியாயமானது. அந்த ஒதுக்கீட்டுக்குக் கணக்கில் வருவது அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் பிடித்த இடம். தனியார் தரும் சாதனைச் சான்றிதழ் அங்கே உதவாது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கதவு திறக்கிறது என்றால் அது ஒழுங்காக மோதத் தெரிந்தவர்களுக்குத்தான் திறக்கும். பெற்றோர் இதை நம்ப வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மாலை வகுப்பைப் பற்றிப் பேச எனக்கு மிகவும் பிடிக்கும். ஏழு மணிக்குப் பெரியவர்கள் வருகிறார்கள். ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், தையல் கடை வைத்திருக்கிற அக்கா, வங்கியில் வேலை பார்க்கிறவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்துவிட்டுத் தோள் இறுகிப்போய் வருகிற தம்பிகள். இவர்களில் யாரும் போட்டிக்குப் போகப் போவதில்லை. சான்றிதழும் கேட்பதில்லை. வேலை முடிந்து, பசியோடு, சிலசமயம் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வந்து கம்பு எடுக்கிறார்கள். ஊரில் இவர்களைப் பார்த்து "இந்த வயசுல எதுக்கு இது?" என்று கேட்கிறார்கள். கலை தங்குவது இவர்களிடம்தான் என்பேன். போட்டி வயது தாண்டியதும் பிள்ளைகள் கல்லூரி, வேலை என்று போய்விடுவார்கள், அது இயல்பு. முப்பது வயதுக்கு மேல் ஒருவர் பிடிவாதமாக வந்து ஒரே தடுப்பை மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருக்கிறார் என்றால், நாளைக்கு அவர்தான் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஆசானே அப்படி வந்தவர்தான்: பகலில் மர அறுவை ஆலையில் வேலை, இரவில் தெருவிளக்கில் பாடம்.

ஆசிரியர் ஐயா முட்டி வலியால் தாழ்ந்து நிற்க முடியாது என்றார். அவருக்காக நிலையைச் சற்று உயர்த்தி, காலடியைச் சுருக்கி ஆசான் தனி வரிசை அமைத்துக் கொடுத்தார். இப்போது அதே வரிசையில் இன்னும் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். உடம்புக்கு ஏற்றபடி பாடத்தை வெட்டித் தைக்கத் தெரிந்த ஆசான் நமக்குக் கிடைத்திருக்கிறார்.

பெண்களுக்கான தற்காப்பு முகாம் பற்றி அடுத்து. அறிவிப்பு ஒட்டியதும் வந்த முதல் கேள்வி, "சிலம்பம் கத்துக்கிட்டா பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கையப் பிடிச்சா அடிச்சுப் போட்டுட்டு வந்துடலாமா?" என்பது. முகாமின் முதல் நாளிலேயே ஆசான் நேராகச் சொன்னார்: பேருந்து நிலையத்தில் உங்கள் கையில் கம்பு இருக்காது. ஒரு முகாமில் யாரும் வீரர் ஆகிவிட முடியாது. இதை வாய்விட்டுச் சொல்கிற பயிற்சி நிலையங்கள் குறைவு, நம் கழகம் சொன்னதில் எனக்குப் பெருமை உண்டு.

அப்படியானால் என்ன சொல்லிக்கொடுத்தோம்? தூரம் வைத்து நிற்பது. யாராவது நெருங்கினால் ஒரு காலடி பக்கவாட்டில் எடுத்து வழியைத் திறந்து வைத்துக்கொள்வது. அடிவயிற்றிலிருந்து சத்தம் போடுவது. இதற்குத்தான் அதிக நேரம் ஆனது, ஏனென்றால் பொது இடத்தில் கத்தக் கூடாது என்று சொல்லியே நாம் பெண் பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவரின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி இழுத்தால் பிடி விடும். வெறுங்கையால் மோதும் குத்துவரிசையிலிருந்து அது ஒன்றையும், உள்ளங்கையால் தள்ளுவதையும் மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தோம். இருசக்கர வண்டியில் போகும்போது சங்கிலியைப் பறித்தால் அதை விட்டுவிடுங்கள், கீழே விழுந்து தலையில் அடிபடுவதுதான் பெரிய ஆபத்து என்றபோது ஒரு அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. "அது எங்க அம்மா போட்ட தாலிச்செயின்" என்றார். அவர் பேச்சில் இருந்த வலி எல்லோருக்கும் புரிந்தது. கடைசியில் அவர் மகள்தான், "செயினவிட நீ வேணும்மா" என்று சொல்லி அவரை உட்கார வைத்தார்.

112, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களை எல்லோர் கைபேசியிலும் அங்கேயே பதிய வைத்தோம். காவல் உதவி செயலியையும் இறக்கிக் காட்டினோம். நம் உறுப்பினரான வழக்கறிஞர் சட்டத்தை எளிமையாக விளக்கினார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தவை. உடலைக் காத்துக்கொள்ள எதிர்த்து அடிப்பது குற்றமில்லை. தேவைக்கு மேல் அடிப்பதற்கு அந்த உரிமை நீளாது. விழுந்து கிடப்பவனை மிதித்தால் அது தற்காப்பு ஆகாது. இந்தக் கடைசி வரியை ஆண்களுக்கும் வந்து சொல்லும்படி ஆசான் கேட்டுக்கொண்டார், வழக்கறிஞரும் வந்து சொன்னார்.

மார்கழி விடுமுறையில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு பயணம் போனோம். அங்குள்ள ஒரு களரியில், அதாவது பயிற்சிக்கூடத்தில், அடிமுறை என்ற தற்காப்புக் கலையின் பயிற்சியை அருகில் இருந்து பார்க்க ஆசான் ஒருவர் அனுமதித்தார். ஒருவர் தனியாகச் செய்யும் ஒற்றைச்சுவடு வரிசை பிள்ளைகளை மிகவும் கவர்ந்தது. கம்பு இல்லாமலேயே உடம்பு எப்படித் திரும்புகிறது, தாழ்ந்து எழும்போது எடை எந்தக் காலுக்குப் போகிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்தார்கள். வர்மம் சொல்லிக்கொடுப்பாரா என்று நம் பையன் ஒருவன் ஆசையாகக் கேட்டான். "முதல்ல ஆளைத் தெரியணும், அப்புறம்தான் அதெல்லாம்" என்று அந்த ஆசான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். திரும்பும் வழியில் பேருந்து முழுக்க அதே பேச்சு.

கம்பு விஷயம். ஜோடிப் பயிற்சி கூடியதால் மூங்கில் கம்புகள் சீக்கிரம் பிளந்தன. பிளந்த மூங்கிலின் சிம்பு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஜோடிப் பயிற்சிக்குப் பிரம்பு, வீச்சுக்குக் கல்மூங்கில் என்று பிரித்துவிட்டோம். பிரம்பு அடிபட்டால் நார் நாராகப் பிரியும், சிம்பாகத் தெறிக்காது. புதிதாக வாங்கிய மூங்கிலை நிழலில் உலர்த்தி, தீயில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவும் வேலையைப் பெரிய பிள்ளைகளைக் கொண்டே ஆசான் செய்ய வைத்தார். தன் கையால் நிமிர்த்திய கம்பை எந்தப் பிள்ளையும் தரையில் எறிவதில்லை. நீளம் அவரவர் புருவ உயரத்துக்கு இருந்தால் போதும். மின்னும் தாள் சுற்றிய பிளாஸ்டிக் கம்புகளைத் தயவுசெய்து வாங்கித் தர வேண்டாம். எடை இல்லாத கம்பில் பழகிய கைக்கு உண்மையான கம்பு வசப்படாது.

காயங்கள்: விரல் மொளியில் அடிபடுவதுதான் அதிகம். ஒருவருக்குப் புருவத்தில் தையல் போட வேண்டியிருந்தது, இப்போது நலம். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் போட்டுக்கொண்டு ஜோடிப் பயிற்சியில் இறங்கக் கூடாது என்ற விதியை அதற்குப் பிறகு கண்டிப்பாக்கினோம். முதலுதவிப் பெட்டியும் ஐஸ் பையும் திடலிலேயே இருக்கின்றன.

அக்டோபர் கடைசியில் பெய்த பெருமழையில் திடலில் தண்ணீர் தேங்கி வகுப்பு நின்றது. சமுதாயக்கூடத்தைத் திறந்து கொடுத்த ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றி. ஆயுத பூஜையன்று கம்பு, சுருள்வாள், மான்கொம்பு எல்லாவற்றையும் அடுக்கிவைத்துப் பொட்டிட்டபோது, நம் இஸ்லாமிய, கிறிஸ்தவ உறுப்பினர்களும் வந்து கம்புக்கு எண்ணெய் தடவிக் கொடுத்தார்கள். முளைப்பாரி ஊர்வலத்தில் நம் பெண் பிள்ளைகள் முதல்முறையாக முன்வரிசையில் ஆடினார்கள். தெருவில் நின்ற பாட்டிகள் குலவையிட்டு வரவேற்றார்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள். மாதச் சந்தாவை உயர்த்த வேண்டாம், தர இயலாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இப்போதுபோலவே முழு விலக்கு தொடரட்டும். திடலின் மேற்குப் பக்கம் இரண்டு விளக்குகள் போட வேண்டும், மாலை வகுப்பில் ஜோடிப் பயிற்சி அரை இருட்டில் நடக்கிறது. பெண்களுக்கான வாராந்திர வகுப்பைத் தனியாகத் தொடங்க வேண்டும், முகாமில் கலந்துகொண்டவர்களில் பலர் கேட்டிருக்கிறார்கள். நம் கழகத்தில் பழகி வளர்ந்த அக்கா ஒருவர் அதை நடத்த முன்வந்திருக்கிறார். ஞாயிறு காலையா, சனி மாலையா என்பதை இங்கே கூடியிருக்கும் பெண்களே முடிவு செய்து சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்