காற்றுக்குக் கீழே ஆடிய ஊர்: நம் கால்பந்துக் கழக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கழகத் தலைவர், செயலாளர், பொருளாளர் அண்ணன்மார்களுக்கும் தெற்குத் தெரு காக்காமார்களுக்கும் வணக்கம், ஸலாம்.

இந்த வருட மீன்பிடித் தடைக்காலத் தொடருக்கு வெளியூரிலிருந்து ஐந்து பிளேயர்களை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி இறக்கப் போகிறீர்கள், போன ஆகஸ்டில் கோச்சாகப் பொறுப்பேற்ற நம்மூர்த் தம்பியை நிறுத்திவிட்டு வேறு கோச் தேடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நம் பழைய கோச் மாஸ்டர் முழங்கால் வலியால் வீட்டோடு இருந்துவிட்ட இந்த நான்கு வருடத்தில் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். தம்பியையும் அனுப்பினால் நான்கு. முடிவெடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் டீம் எப்படி விளையாடும் என்று பக்கத்து ஊர்க்காரர்களைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "பந்தைத் தரையை விட்டு எடுக்க மாட்டானுங்க." அந்தப் பெயர் தானாக வந்ததில்லை. ஏப்ரல் 15-ஆம் தேதி விசைப்படகுகள் கரையில் நின்றால் ஜூன் 14 வரை 61 நாள். நாம் ஆடும் பெரிய தொடர்கள் எல்லாம் அந்த நாட்களில்தான். மே கடைசியில் கச்சான் காற்று எழும்பிவிடும். தூக்கி அடித்த பந்து பாதி வழியில் நின்று அடித்தவன் தலைக்கே திரும்பும், இல்லாவிட்டால் வேலிக்கருவைக்குள் போய் முள்ளில் குத்திக்கொண்டு கிடக்கும். மாஸ்டர் வந்த முதல் வருடம் ஒன்றும் பேசாமல் கரையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம் சொன்னார்: "காத்து மேல இருக்கு. நாம கீழ விளையாடுவோம்டா."

அதைச் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. காலையில் கடற்கரை மணலில் பாஸ் பழக்குவார். மணலில் பந்து உருளாது, எவ்வளவு பலம் கொடுக்க வேண்டும் என்று கால் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். சாயங்காலம் உவர்மண் திடலில் அதே பாஸ், அங்கே தொட்டாலே ஓடும். இரண்டு தொடலுக்கு மேல் பந்து காலில் இருந்தால் விசில். கோல் கீப்பர் ஓங்கி அடிக்கவே கூடாது, பக்கத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரனுக்கு, அதாவது பேக்குக்குத் தட்ட வேண்டும். அப்போது நான் லெப்ட் பேக். எதிர் டீம் ஃபார்வர்ட் பாய்ந்து வரும்போது கீப்பரிடம் பந்து கேட்க எனக்கு ஒரு வருடம் பயம் இருந்தது. அந்த ஒரு வருடமும் என் தவறால் வாங்கிய கோல்களை மாஸ்டர் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். "நான் சொல்லித்தான் குடுத்தான்" என்று நிர்வாகத்திடம் சொல்வார். அன்றைய நிர்வாகிகளும் பொறுத்துக்கொண்டார்கள், அதை மறக்கக் கூடாது.

நீளமாக அடிப்பதே குற்றம் என்று அவர் சொன்னதில்லை. காற்று முதுகுக்கு வந்துவிட்டால் தூரத்திலிருந்தே கோலைப் பார்த்து அடிக்கச் சொல்வார். எப்போது எது என்று தெரிந்த ஆட்டம் அது.

சனிக்கிழமைகளில் இடது காலால் மட்டும் ஆடச் சொல்வார். எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டபோதுதான் ஹைதராபாத் ரஹீம் சாகிப் கதையைச் சொன்னார். சையது அப்துல் ரஹீம் ஒரு பள்ளி ஆசிரியர். பலவீனமான காலால் மட்டும் ஆடும் போட்டி, டிரிப்ளிங்கே கூடாத போட்டி என்று நடத்தி ஹைதராபாத் பையன்களுக்கு விரைவாகப் பாஸ் கொடுக்கப் பழக்கியவர். 1950 முதல் 1963-இல் இறக்கும் வரை இந்திய அணிக்கும் அவர்தான் கோச். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றுத் திரும்பியது அவருடைய அணி. பத்து கோல்! அதற்குப் பிறகும் அணியை அவர் கையில் விட்டு வைத்ததால்தான் 1956 மெல்போர்னில் நான்காம் இடம் வந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் புற்றுநோயோடு நின்று தங்கம் வாங்கிக் கொடுத்தார். தலையில் தையல் போட்டிருந்த டிபெண்டர் ஜர்னைல் சிங்கை அவர் ஃபார்வர்டாக இறக்கினார். இறுதிப் போட்டியில் தென்கொரியாவுக்கு எதிரான இரண்டு கோல்களில் ஒன்று ஜர்னைல் அடித்தது. பல வருடம் கூட இருந்து ஒவ்வொரு பையனையும் அறிந்தவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

நாம் போன வருடம் தோற்றது காலிறுதியில், 2-0.

நம் பையன்கள் கைபேசியில் பார்க்கும் பெரிய கிளப்புகளிலும் இதுதான் நடந்திருக்கிறது. யோஹன் கிரைஃப் 1988-இல் பார்சிலோனாவுக்குக் கோச்சாக வந்தார். சின்னப் பையன்கள் டீமிலிருந்து பெரிய டீம் வரை ஒரே மாதிரி ஆட்டம் வேண்டும் என்றார். அவரிடம் நடுக்களத்தில் ஆடிய மெலிந்த பையன் பெப் கார்டியோலாவே 2008-இல் அங்கு கோச்சாகி, அதே ஆட்டத்தை இன்னும் மேலே கொண்டுபோனார். லிவர்பூல் கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். பில் ஷாங்க்லி 1959 டிசம்பரில் கோச்சாக வந்தபோது அது இரண்டாம் டிவிஷன் கிளப். 1974-இல் அவர் விலகியதும் நிர்வாகம் பெரிய பெயர் எதையும் தேடி ஓடவில்லை. 1939-லிருந்து கிளப்பிலேயே கிடந்த பாப் பெய்ஸ்லியிடம் கொடுத்தது. ஒன்பது சீசனில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கோப்பை. பூட்ஸ் வைக்கும் ஒரு சின்ன அறையில் பயிற்சியாளர்கள் தினமும் உட்கார்ந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசிப் பேசியே ஷாங்க்லியின் பாடம் அடுத்தவர் கைக்குப் போனது. நமக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வலை தைக்கும் கொட்டகையில் டீயோடு உட்கார்ந்து, எந்த கோல் யார் நின்ற இடத்தால் விழுந்தது என்று இருட்டும் வரை பேசுவோம். இப்போதிருக்கும் தம்பி அந்தக் கொட்டகையில் வளர்ந்தவன். அவனை நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணத்தைப் போன மாதம் கண்ணால் பார்த்தேன். 12 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆட்டம். கீப்பர் பையன் காலில் பந்து. ரைட் பேக் பையன் ஓரமாக விலகி ஓடிக் கையைத் தூக்கிக் கேட்கிறான், தம்பி சொல்லிக் கொடுத்தபடி. கரையிலிருந்து பெரியவர்கள் "அடிச்சு வுடுறா, அடிச்சு வுடு" என்று கத்தினார்கள். அந்தக் குரல்களில் ஒன்று என்னுடையது. கீப்பர் எங்களைப் பார்த்தான், அடித்தான், காற்று பந்தை வெளியே தள்ளியது. ரைட் பேக் கையைக் கீழே போட்டான். அடுத்த முறை அவன் ஓடவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெளியூர் பிளேயர்கள் வந்தால் அந்தப் பையனுக்கு நாம் சொல்வது என்ன? நீ எவ்வளவு ஓடினாலும் மே மாதம் உன் சட்டையை வேறு ஒருவன் போடுவான் என்பதுதானே? சவூதியிலும் சிங்கப்பூரிலும் இருந்து பணம் அனுப்பும் நம் சகோதரர்கள் கோப்பையைக் கேட்கிறார்கள், அந்த நெருக்கடி உங்கள் தலையில்தான் விழுகிறது என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் பேச நானும் வருகிறேன். அவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் விசில் வாங்கியவர்கள்தான், சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

தம்பிக்கு மூன்று வருடம் கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள். வெளியூர் பிளேயர்களுக்கு ஒதுக்கிய பணத்தில் அவனைக் கோச்சுகளுக்கான டி லைசென்ஸ் பயிற்சிக்கு அனுப்புங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 4-ஆம் நம்பர் பந்துகள் வாங்குங்கள். பெரிய பந்தைத் தள்ளத் தெரியாமல்தான் அவர்கள் குத்தி எழுப்புகிறார்கள். சீனியர் டீமுக்கும் குட்டிப் பையன்களுக்கும் ஒரே பாடம் நடக்கட்டும். ஆட்டத்தின்போது கரையில் நிற்கும் நாம் யாரும் கோச்சுக்கு மேல் குரல் கொடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் போடுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மாஸ்டரையும் அழைக்க வேண்டும். அவரால் நடக்க முடியாது. என் ஆட்டோவில் கூட்டி வருகிறேன். கொட்டகை வாசலில் ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய லெப்ட் பேக்