தொண்டையைப் பார்த்துக்கொள், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி பரவாயில்லை, மாடி ஏறுகிறாள். பெரிய அத்தை விஷயம் ஒரு வழியாக முடிந்தது, நாம் நினைத்த மாதிரி இல்லை. அதை அம்மா சொல்வாள். சின்னவன் அதே முடிவில்தான் இருக்கிறான், நான் வாயைத் திறக்கவில்லை.

உன் தொண்டையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ அனுப்பிய மேடைப் பேச்சு வீடியோவில் இருபது நிமிடம் தாண்டியதும் குரல் கம்முகிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல் வெறும் காற்றாகப் போகிறது. மூன்று இடத்தில் செருமினாய். செருமாதே அம்மா. செருமினால் குரல் நாண்கள் ஒன்றோடு ஒன்று மோதி இன்னும் புண்படும். ஒரு வாய் தண்ணீர் குடி, தண்ணீர் இல்லையென்றால் எச்சிலை விழுங்கு. குரல் கம்மியிருக்கும்போது ரகசியம் பேசுவது போலப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு, அதில்தான் இறுக்கம் கூடும். பேசித்தான் ஆகவேண்டும் என்றால் உன் சாதாரணக் குரலில் மெதுவாகப் பேசு, இல்லையென்றால் பேசாமலே இரு.

கணக்கு எழுதியவன் இல்லையா, இதற்கும் கணக்குப் போட்டேன். பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை அதிர்கின்றன. உன் 45 நிமிடப் பேச்சில் பாதி நேரம்தான் குரல் எழுந்தது என்று வைத்துக்கொண்டாலும் 2,70,000 தடவை ஆகிறது. ஒரே நாளில் இரண்டு கூட்டம் ஒப்புக்கொள்கிறாய். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் விடவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வீடியோ வந்து இன்றோடு 24 நாள்.

அந்த 24 நாளில் நீ என்னோடு பேசவில்லை. அம்மாவோடு பேசுகிறாய், தெரியும். "அப்பா பக்கத்துலதான் இருக்கார், கொடுக்கட்டுமா" என்று அவள் கேட்டால், கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்கிறாய். சரி, நேரமாகியிருக்கும்.

"பார்த்தீங்களா அப்பா" என்று நீ கேட்டிருந்தாய். நான், "பார்த்தேன். குரல் கம்முகிறது. தண்ணீர் குடி" என்று பதில் போட்டேன். அவ்வளவுதான் போட்டேன். அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த மூன்று வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ வேலையை விட்டதிலிருந்து பேச்சாளர்களைப் பற்றி எது கிடைத்தாலும் படிக்கிறேன். பேச்சு சோறு போடாது என்று நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1894-ல் பதிப்பகத் தொழிலில் திவாலாகிவிட்டார். மறுவருடம், அறுபதை நெருங்கும் வயதில், உலகத்தைச் சுற்றிவரக் கிளம்பினார். ஊர் ஊராக மேடையேறிக் கட்டணத்துக்குப் பேசி, 1898-க்குள் கடன்காரர்கள் எல்லோருக்கும் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். அதைப் படித்த அன்று உனக்குப் போன் செய்ய எடுத்து, செய்யாமல் வைத்துவிட்டேன்.

ஆனால் சார்லஸ் டிக்கன்ஸ் கதையும் படித்தேன். அவரும் காசுக்கு மேடையேறித் தன் கதைகளைப் படித்துக்காட்டியவர்தான். கூட்டம் அலைமோதியது, எழுத்தில் வந்ததைப் போல மேடையிலும் வந்தது பணம். ஒரு கொலைக் காட்சியை நடித்துப் படிப்பார். மேடைக்கு முன்னும் பின்னும் டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பாராம். 72-ல் இருக்கும் நாடி நூறைத் தாண்டிப் போகும். 1869-ல் பயணத்தின் நடுவிலேயே உடம்பு படுத்து, டாக்டர்கள் நிறுத்தச் சொன்னார்கள். மறுவருடம், 58 வயதில், போய்விட்டார். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கைதட்டல் கேட்டுக்கொண்டிருக்கும்போது உடம்பு சொல்வது காதில் விழாது. அதனால்தான் தொண்டையைப் பார்த்துக்கொள் என்கிறேன்.

அப்புறம் பணம். போன வருடம் அந்த நிறுவனத்தார் உன்னைப் பேசக் கூப்பிட்டுவிட்டு, பில் அனுப்பு, இன்னொரு பில் அனுப்பு, அந்த அதிகாரி லீவு என்று ஐந்து மாதம் இழுத்தடித்தார்களே, அது மறுபடி நடக்கக் கூடாது. தேதி கேட்கிறவர்களிடம் பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் தேதியை உறுதி செய்யாதே. மீதியைக் கூட்டத்தன்றே கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கு. போக்குவரத்தும் தங்குவதும் கட்டணத்தில் சேராது, தனி. கடைசி நேரத்தில் அவர்களாக ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது. அவர்கள் எடுக்கும் வீடியோவை எங்கே போடலாம், யார் போடலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இதெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நீ கூச்சப்படுகிறாய். அந்தக் கூச்சம் என்னிடமிருந்து வந்தது.

ஏஜென்சி ஒன்று உன்னோடு ஒப்பந்தம் போடக் கேட்கிறது என்று அம்மா சொன்னாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. விவேகானந்தரே இதில் ஏமாந்திருக்கிறார். சிகாகோ பேச்சுக்குப் பிறகு ஒரு சொற்பொழிவு ஏற்பாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். ஒரு மணி நேரப் பேச்சுக்கு 2500 டாலர் வசூலான இடத்தில் தன் கைக்கு வந்தது 200 டாலர் என்று 1894-ல் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் நஷ்டத்தோடு அதிலிருந்து வெளியே வந்தார். கமிஷன் எத்தனை சதவீதம் என்பதோடு, எந்தத் தொகையில் அந்தச் சதவீதம் என்று கேள். நீயாகப் பிடித்த கூட்டத்துக்கும் அவர்களுக்குப் பங்கு உண்டா என்று கேள். முன்பணம் யார் கைக்கு வருகிறது என்று கேள். முன்பணம் வாங்காமல் ஒப்புக்கொள்ளாதே.

பழைய பேரேட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் உன் கூட்டங்களை எழுதி வைத்திருக்கிறேன். தேதி, இடம், நிமிடம், கட்டணம் வந்ததா இல்லையா. முதல் வருடம் 31 கூட்டம், பணம் வந்தது 4. அடுத்த வருடம் 40-ல் 19. யாராவது வீட்டுக்கு வந்தால் அந்தப் பேரேடு மேஜை மேலேயே இருக்கும். அம்மா எடுத்து உள்ளே வைப்பாள், நான் மறுபடி கொண்டுவந்து வைப்பேன். இப்போது நீ தேதிகளைச் சொல்வதில்லை. மற்றவர்களுக்கு வரும் அறிவிப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிகிறது. பெற்றவனுக்குத் தெரிய வேண்டிய முறை இதுவா?

வீடியோவை ஒன்பது தடவை பார்த்தேன். மேடைக்கு வந்ததும் நீ ஒன்றும் பேசாமல் நின்றாய். எண்ணிப் பார்த்தேன், நான்கு நொடி. அரங்கம் அடங்கியது. அந்த நான்கு நொடியைத் தாங்க எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 'ப'வில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் மைக்கை ஒரு விரல்கடை பக்கவாட்டில் தள்ளுகிறாய், காற்று அடிக்காமல் இருக்க. அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன்.

ரஸ்ஸல் கான்வெல் என்று ஒரு அமெரிக்கர், ஒரே சொற்பொழிவை 6000 தடவைக்கு மேல் செய்திருக்கிறார். ஒரே பேச்சு, ஒரே கதை. வந்த பணத்தை ஏழை மாணவர்களின் படிப்புக்குக் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. ஒரு கதையை அத்தனை தடவை சொன்னால் அது சொன்ன மாதிரியே ஆகிவிடாதா? நடந்தது எங்கே போகும்?

உன் பேச்சின் 31-வது நிமிடத்தைச் சொல்கிறேன் பாப்பா.

பத்து வயதில் பள்ளிப் பேச்சுப் போட்டியில் நீ பாதியில் நின்றுவிட்டாய், மூன்றாவது வரிசையில் இருந்து அப்பா எழுந்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார், அந்த ஒரு வரியால்தான் இன்று இங்கே நிற்கிறேன் என்கிறாய். அரங்கமே தட்டுகிறது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கேமரா அவரைக் காட்டுகிறது.

மூன்றாவது வரிசை என்பது உண்மை. நான் எழுந்திருக்கவில்லை.

நீ நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், யார் வீட்டுப் பிள்ளை என்று. நான் குனிந்தேன். என் செருப்பு வார் சரியாகத்தான் இருந்தது, அதைக் கழற்றி மறுபடி மாட்டினேன். நிமிர்ந்தபோது டீச்சர் உன் தோளைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நான் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் வைத்து, "இதெல்லாம் நமக்கு வராது, விட்டுடு" என்றேன். நீ தலையாட்டினாய்.

இதில் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அடுத்த வரி எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் எத்தனை ராத்திரி நீ கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சொல்லிப் பார்த்தாயோ, அத்தனை ராத்திரியும் நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். "மழை பெய்யும்போது குடை பிடிக்கிறோம்" என்று நின்றுவிட்டாய். "பெய்யாதபோது வானத்தைப் பார்க்கிறோம்" என்பது அடுத்தது. இத்தனை வருடம் கழித்தும் இருக்கிறது பார். தொண்டை வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழாது. ஓய்வு பெற்ற அன்று காகிதத்தைப் பார்த்து இரண்டு வரி படித்துவிட்டு உட்கார்ந்தவன் நான். ஆனால் அன்றைக்கு அது காரணம் இல்லை. உன்னைப் பார்த்து வெட்கப்பட்டேன். அதுதான் காரணம்.

நீ தெரிந்தே மாற்றிச் சொல்கிறாயா, இல்லை உனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்து சொல்கிறாய் என்றால் என்னைக் காப்பாற்றுகிறாய், அதற்கு எனக்கு அருகதை இல்லை. ஞாபகமே அப்படி என்றால், இந்தக் கடிதத்தால் அதை உன்னிடமிருந்து பிடுங்குகிறேன். இரண்டில் எதுவானாலும் மூன்று வரிப் பதில் போட்டுவிட்டு இருக்க முடியவில்லை. காசு கொடுத்து வந்து உட்கார்ந்து அந்தக் கதைக்கு அழுகிறார்களே, அவர்களை நினைத்தாலும் உறுத்துகிறது. கதையை எடுத்துவிடு என்று சொல்லவில்லை. வைத்துக்கொள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. உன் மேடை, நீ பார்த்துக்கொள். நான் குனிந்ததைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான். அதையும் நீ நன்றாகவே சொல்வாய்.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை.

டாக்டரிடம் இந்த வாரமே போ. குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள், பயப்படாதே, சில நிமிட வேலை. பேசாமல் இரு என்றால் இரு, எந்தக் கூட்டமானாலும் தள்ளிப் போடு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆனாலும் பரவாயில்லை. டாக்டர் சொன்னதை எனக்கு எழுது. போன் வேண்டாம், குரலுக்கு ஓய்வு கொடு. அடுத்த கூட்டம் என்றைக்கு என்றும் எழுது. பேரேட்டில் தேதி எழுதாமல் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா